அருமண் தனிமங்களும் பயிரின் வேரும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

லாந்தனம் முதலிய 15 தனிமங்களோடு ஸ்காண்டியமும் இட்ரியமும் சேர்ந்த 17 தனிமங்களையே அருமண் தனிமங்கள் என்கிறோம். அருமை பெயரில்தான் இருக்கிறது. சீரியம் புவியோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கே உண்டு. ஆகவே, எந்தப் பயிரின் வேரும் இவற்றை அறியாததன்று. கூடுதலாக இட்டால் விளைச்சல் பெருகுமா என்பதே கேள்வி.

சீனாவில் பல பத்தாண்டுகளாக லாந்தனம், சீரியம் ஆகியவற்றின் நைட்ரேட் உப்புகளை விதைநேர்த்திக்கும் இலைத் தெளிப்புக்கும் பயன்படுத்தி வருகிறார்கள். விளைச்சல் கூடியதாக அங்கிருந்து வந்த அறிக்கைகளும் பல. ஆயினும், இவற்றுள் எதுவும் பயிருக்கு இன்றியமையாத சத்து என்று இதுவரை நிறுவப்படவில்லை.

அப்படியானால் வளர்ச்சி எங்கிருந்து வருகிறது? லாந்தனம் அயனியின் ஆரம் சுமார் 103 பிக்கோமீட்டர், கால்சியம் அயனியின் ஆரம் சுமார் 100. மின்னேற்றமோ இரண்டுக்குப் பதில் மூன்று. அளவில் ஒத்து, பற்றில் மிஞ்சிய இந்த அயனி, உயிரணுச் சவ்வில் கால்சியம் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்து, கால்சியம் செல்லும் வழிகளை அடைத்துவிடுகிறது. மிகச் சிறிய அளவில் வேர் நீள்வதைத் தூண்டும் அதே உப்பு, அளவு ஏறியதும் வேர்நுனியின் உயிரணுப் பகுப்பைத் தடுத்து வேரைக் குறுக்குகிறது.

இங்கே ஆய்வாளர் இடறும் இடம் ஒன்றுண்டு. செடிக்குப் பாஸ்பரஸ் தரும் பாஸ்பேட்டை லாந்தனம் கண்டால் விடாது; இரண்டும் சேர்ந்து கரையாத வீழ்படிவாகிவிடும். சத்துக் கரைசலில் 10 மைக்ரோமோல் இட்டோம் என்று குறிப்பேடு சொன்னாலும், வேரை அடைந்தது அதில் எத்தனை பங்கு என்பது வேறு கணக்கு. செடி வாடினால்கூட, அது லாந்தனத்தின் நஞ்சாலா, பாஸ்பரஸ் கிடைக்காத பட்டினியாலா என்று பிரித்தறியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. நைட்ரேட்டே பயிருக்குத் தழைச்சத்து; ஆகவே, நைட்ரேட் உப்பை இட்டவர், லாந்தனம் இடாத ஒப்பீட்டுச் செடிக்கும் அதே அளவு நைட்ரேட்டைக் கொடுத்தாரா என்றும் கேட்கத்தான் வேண்டும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் எரிமலைச் சேற்றுக் குட்டையில் கிடைத்த ஒரு பாக்டீரியம், அருமண் தனிமம் இல்லாமல் வளராது என்று 2014இல் தெரியவந்தது. மெத்தனாலைச் சிதைக்கும் அதன் நொதிக்கு அது தேவை. இலைப்பரப்பில் வாழும் சில பாக்டீரியங்களிடமும் இத்தகைய நொதி உண்டு. தெளித்த உப்பின் பயன் செடிக்கு நேராகச் செல்லாமல், இந்தக் குடியிருப்போர் வழியாகவும் செல்லக்கூடும் என்பது என் ஊகமே.

மண்வழி உறிஞ்சப்பட்டவற்றில் பெரும்பங்கு வேரிலேயே தங்கி, தானியத்துக்குச் சிறிதளவே ஏறுகிறது. மண்ணில் சேர்ந்தது மட்டும் எளிதில் அகல்வதில்லை. மண் அமிலத்தன்மை அடையும்போது, முன்பு இட்டதும் மீண்டும் கரைந்து, யாரும் அளக்காத ஓர் அளவில் அடுத்த பயிரின் வேரைச் சேர்கிறது.