வெள்ளி விழாவுக்கு முன் திருப்பணி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு தீம் பார்க் தன்னுடைய பத்தாம் ஆண்டையோ வெள்ளி விழாவையோ கொண்டாட வேண்டுமா என்பதைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். கோயிலுக்கு விழா எடுக்கிறோம், பள்ளிக்கூடத்துக்கு நூற்றாண்டு கொண்டாடுகிறோம், சரி. காசு வாங்கிக்கொண்டு ராட்டினம் சுற்றுகிற இடத்துக்கு எதற்கு விழா என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் கொண்டாட வேண்டும் என்கிற கட்சி. ஆனால் எப்போது, எதைச் செய்து முடித்த பிறகு என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். என்னிடம் படித்தவர்களில் சிலர் இப்படிப்பட்ட பூங்காக்களில் பராமரிப்பு வேலை பார்க்கிறார்கள். ராட்டினத்தை அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தே பழகியவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதுரைக்கு ராட்டினம் புதிதில்லை. தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சிக்குப் போகாத வீடு இந்த ஊரில் இருக்காது. ராட்சத ராட்டினம், கொலம்பஸ் கப்பல், மரணக்கிணறு, கையளவுக்கு மேல் விரிந்த டெல்லி அப்பளம் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். ஆனால் பொருட்காட்சி ராட்டினம் லாரியில் வரும், பூட்டுவார்கள், சுற்றும், கழற்றி ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அதன் வயதை யாரும் கேட்பதில்லை. திண்டுக்கல் சாலையில் பரவைக்குப் பக்கம் இருக்கிற 'அதிசயம்' போன்ற பூங்கா அப்படியில்லை. அது ஒரே இடத்தில் நிற்கிறது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளை, பிறகு தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதே வாசலுக்குப் போகிறது. அங்கேதான் வயது என்ற பேச்சே வருகிறது.

உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான், திருமங்கலம் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து எத்தனை பேருந்துகள் இப்படிப்பட்ட பூங்காக்களுக்குப் போயிருக்கும்! கடலையே பார்த்திராத பிள்ளைகள் வாழ்க்கையின் முதல் அலையை ஓர் அலைக்குளத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். புடவையோடு ஓரமாக உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருந்த அம்மாக்களும் பெரியம்மாக்களும், யாரோ ஒருத்தி வற்புறுத்தி வாடகை நைலான் உடையை மாட்டிவிட்ட பிறகு, மாலையில் சங்கு ஊதினாலும் தண்ணீரை விட்டு வெளியே வர மறுத்திருக்கிறார்கள். வயல் வேலைக்கும் மில் வேலைக்கும் போய்வருகிற பெண்களுக்கு, யாரும் வேடிக்கை பார்க்காமல், யாரும் அதட்டாமல் தண்ணீரில் கூச்சலிட்டுச் சிரிக்க நம் பக்கத்தில் எத்தனை இடங்கள் இருக்கின்றன? அந்தச் சிரிப்புக்கு இடம் கொடுத்த ஓர் இடம் 25 ஆண்டு தாக்குப்பிடித்து நின்றால் அது ஊருக்கும் ஒரு செய்திதான். வியாபாரம் என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

உலகத்துத் தீம் பார்க்குகளில் பிறந்தநாளுக்குப் பேர்போனது கலிபோர்னியாவின் அனாஹைம் நகரத்து டிஸ்னிலேண்ட். திறந்தது 1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த நாள் எப்படி இருந்தது தெரியுமா? அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று சொன்னார்கள். கள்ள அழைப்பிதழ் அச்சடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நம் ஊர் சித்திரை வெயில் மாதிரி வெயில். அவசரமாகப் போட்ட தார் இறுகவில்லை, பெண்களின் குதிகால் செருப்புகள் தாரில் புதைந்தன. குழாய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்ததால் கழிவறைக்குக் குழாய் பூட்டுவதா, குடிநீருக்குப் பூட்டுவதா என்ற நிலை. வால்ட் டிஸ்னி கழிவறையைத் தேர்ந்தெடுத்தார். குடிநீர்க் குழாய்கள் பல காய்ந்து கிடந்தன. சாப்பாடு தீர்ந்துபோனது. சவாரிகள் பழுதாகி நின்றன. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. தொகுத்து வழங்கியவர்களில் ஒருவர் ரொனால்டு ரீகன், பின்னாளில் அமெரிக்க அதிபரானவர். டிஸ்னி ஊழியர்களே அந்த நாளுக்குக் 'கறுப்பு ஞாயிறு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இருந்தும் அந்த ஜூலை 17-ஐத்தான் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள். 2025-இல் எழுபதாம் ஆண்டும் கொண்டாடினார்கள். சங்கடமான ஒரு நாளையும் மறைக்காமல் வைத்துக்கொண்டு விழா எடுக்க முடியும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தங்கள் முதல் நாளில் என்னென்ன கோளாறு நடந்தது என்று சொல்லத் தயாராக இருக்கிற பூங்காவை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

இனி என் பிடிவாதத்துக்கு வருகிறேன். மதுரையில் இருக்கிற நமக்கு விழாவின் இலக்கணத்தை வெளியூர்க்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது மரபு. அன்று கலசத்தில் தண்ணீர் ஊற்றுவதை லட்சம் பேர் அண்ணாந்து பார்க்கிறோம். ஆனால் வேலை அதற்கு எவ்வளவோ முன்பே தொடங்கிவிடுகிறது. சாமியைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றிப் பாலாலயம் செய்வார்கள், சாரம் கட்டுவார்கள், கோபுரத்துச் சுதைகளைச் சீர்செய்வார்கள், கல் மாற்றுவார்கள், சிலை பீடத்தில் அசையாமல் நிற்க அஷ்டபந்தன மருந்து சாத்துவார்கள். திருப்பணி முடிந்தால்தான் விழா. மீனாட்சியம்மன் கோயிலில் 2009 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. கணக்குப்படி அடுத்தது 2021. நடுவில் 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கல் தூண்கள் வெடித்தன, கூரை விழுந்தது. அதைத் திரும்பக் கட்டத் தகுந்த கல்லை நாமக்கல் மாவட்டத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. 2021 வந்தது, குடமுழுக்கு நடக்கவில்லை. 12 ஆண்டு ஆகிவிட்டதே என்று இடிந்த மண்டபத்தைத் தட்டி வைத்து மறைத்துவிட்டு விழா எடுக்கவில்லை, பாருங்கள்.

தீம் பார்க்குக்கும் இதே முறை வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இது என் பாடம்.

ஒரு ராட்டினம் நாளைக்கு 100 தடவை ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 300 நாள். 25 ஆண்டில் ஏழரை லட்சம் தடவை. ஒவ்வொரு தடவையும் அதன் இரும்பு வளைகிறது, நிமிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கினால் இரும்பு களைத்துப்போகும். தாங்கக்கூடிய சுமையைவிட மிகக் குறைந்த சுமையிலேயே ஒருநாள் விரிசல் விடும். பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில், போல்ட் துளையின் விளிம்பில், தண்டு தடிமன் மாறுகிற இடத்தில் தொடங்கும். முதலில் தலைமுடியைவிட மெல்லிய கோடு. நீர்ப் பூங்காவாக இருந்தால் ஈரமும் குளோரினும் சேர்ந்து அந்த வேலையை இன்னும் விரைவுபடுத்தும்.

அந்தக் கோட்டின் மேல் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்? கோடு மறைந்துவிடும். வெள்ளி விழா வருகிறது என்றால் நிர்வாகம் முதலில் கூப்பிடுவது பெயின்டரை. பளபளவென்று மஞ்சளும் சிவப்பும் ஏறிவிடும், வாசலில் வளைவு வைப்பார்கள், பலூன் கட்டுவார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதெல்லாம் நடந்துவிட்டால், விழாவே ஆபத்தை மூடி வைத்ததாக ஆகிவிடும். நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதைத்தான்: பெயின்டருக்கு முன்னால் சோதனைக்காரர் வரட்டும். பழைய பெயின்டை முக்கிய இணைப்புகளிலிருந்து சுரண்டி எடுக்கட்டும். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்தால், விரிசல் இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு தானாக எழுந்து வரும். செலவு அதிகமில்லாத சோதனை இது. உள்ளே மறைந்திருக்கிற பிளவுக்கு அல்ட்ராசோனிக் சோதனை இருக்கிறது. முக்கியத் தண்டையும் பின்களையும் கழற்றிப் பார்க்கட்டும். இடுப்புக் கம்பியைப் பிடித்து நிறுத்துகிற பூட்டை ஒவ்வொரு இருக்கையிலும் தனித்தனியாகச் சோதிக்கட்டும். விளையாட்டுச் சாதனங்களின் பாதுகாப்புக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதித் தொகுப்பும் இருக்கிறது, ஐ.எஸ். 15475 என்று. புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம், அதை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்தாலே போதும்.

டிஸ்னிலேண்ட் இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2005-இல் பொன்விழா. அங்கே 'ஸ்பேஸ் மவுன்டன்' என்று இருட்டுக்குள் ஓடுகிற ரோலர் கோஸ்டர் ஒன்று, 1977-இல் வந்தது. கூட்டம் அலைமோதுகிற சவாரி. அதை 2003-இல் மூடிவிட்டார்கள். பழைய தண்டவாளத்தை அகற்றிப் புதிதாகப் போட்டு, பொன்விழா நாளுக்கு இரண்டு நாள் முன்னால், 2005 ஜூலை 15 அன்று திறந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் வருமானத்தை விட்டுக்கொடுத்துச் செய்த திருப்பணி என்று அதைச் சொல்வேன்.

அந்தப் பூங்காவுக்கு எதிர்ப்பக்கத்திலேயே அதே நிறுவனம் 2001 பிப்ரவரியில் இன்னொரு பூங்கா திறந்தது, கலிபோர்னியா அட்வென்ச்சர். மக்களுக்கு அது பிடிக்கவில்லை. சவாரி குறைவு, சிக்கனமாகக் கட்டிவிட்டார்கள் என்று குறை சொன்னார்கள். 100 கோடி டாலருக்கு மேல் செலவு செய்து பெரும்பகுதியைத் திருத்திக் கட்ட 2007-இல் முடிவெடுத்தார்கள். பத்தாம் ஆண்டு வந்தபோது பூங்காவின் பல பகுதிகள் கட்டுமானத் தட்டிகளுக்குப் பின்னால் இருந்தன. பத்தாண்டு நிறைவுக்குப் பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யாமல், வேலை முடிந்த பிறகு 2012 ஜூன் 15 அன்று பூங்காவையே புதிதாக மக்களுக்கு அர்ப்பணித்தார்கள். அது சரியான முடிவு. எண்ணுக்காகக் கொண்டாடாமல் வேலைக்காகக் காத்திருந்தார்கள்.

நிர்வாகம் மறந்தாலும் மக்கள் மறக்காத கதையும் உண்டு. புளோரிடாவில் 1982-இல் டிஸ்னி நிறுவனம் திறந்த எப்காட் பூங்காவுக்கு 2007 அக்டோபர் முதல் தேதி 25 ஆண்டு நிறைந்தது. பெரிய விழாத் திட்டம் எதையும் நிறுவனம் அறிவிக்காமலிருந்தபோது, அந்தப் பூங்காவை நேசித்த ரசிகர்கள் தாங்களாகவே கூடுவதற்கு ஏற்பாடு செய்தார்கள். பிறகு நிறுவனமும் அந்த நாளில் சிறிய அளவில் ஒரு சடங்கும் கண்காட்சியும் நடத்தியது. டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்களுக்கு அந்த இடம் எவ்வளவு சொந்தமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் நாட்டில் தீம் பார்க்குகளுக்கு ஆயுள் எளிதாக வாய்ப்பதில்லை. டெல்லியில் 'அப்பு கர்' 1984-இல் திறந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமாக இருந்த யானைக் குட்டியின் பெயரை வைத்தார்கள். நகரத்து நடுவில் இருந்த நிலம் வேறு தேவைகளுக்குப் போக, 2008 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். வெள்ளி விழாவைக் காணவில்லை. இன்னொரு பக்கம் கொச்சியில் 2000-இல் 'வீகாலேண்ட்' என்று தொடங்கி, இன்று வொண்டர்லா என்ற பெயரில் நடக்கிற பூங்கா 25 ஆண்டைத் தாண்டிவிட்டது. நிலம், தண்ணீர், மின்கட்டணம், கொரோனா காலத்து ஊரடங்கு, அத்தனையும் தாண்டி ஒரு பூங்கா இருபது, இருபத்தைந்து ஆண்டு நிற்பது சாதாரணமில்லை. அதனால்தான் திருப்பணியை முடித்தவர்கள் தாராளமாகக் கொண்டாடட்டும் என்கிறேன்.

யாரை வைத்துக் கொண்டாடுவது? சினிமா நட்சத்திரம் வந்து ரிப்பன் வெட்டினால் ஒருநாள் கூட்டம் சேரும், அதோடு சரி. காலை பத்து மணிக்கு மேல் கதவு திறக்கிற பூங்காவில், விடிந்ததும் வந்து கிரீஸ் வைத்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்து, ஆள் ஏறும் முன் இருக்கைகளில் மணல் மூட்டை வைத்து ஓட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சறுக்குக் குளத்தின் விளிம்பில் விசில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் வெயிலில் நிற்கிற பையன்கள், உடை மாற்றும் அறையைக் கழுவுகிற பெண்கள். இவர்களில் பலர் தங்கள் குடும்பத்தை ஒருநாள்கூட உள்ளே கூட்டி வந்து ராட்டினம் ஏற்றியிருக்க மாட்டார்கள். ஆண்டு விழா அன்று பூங்கா அவர்களுக்குத்தான். ஓய்வு பெற்றவர்களையும் வேலையை விட்டுப்போனவர்களையும் தேடிப்பிடித்து அழைக்க வேண்டும். மேடையில் அவர்கள் பெயரை, ஊரோடு சேர்த்து, ஒலிபெருக்கியில் படிக்க வேண்டும். அந்த ஒருநாள் வேலைக்கு வெளியாட்களை வைத்துக்கொள்ளலாம், அல்லது பாதிச் சாதனங்களை மட்டும் ஓட்டலாம். எப்படியும் செய்யலாம், மனம் இருந்தால்.

பொதுமக்களுக்குச் சலுகை கொடுப்பதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மே மாத விடுமுறையில் பாதி விலை டிக்கெட் என்று அறிவித்து, தாங்க முடியாத கூட்டத்தைச் சேர்த்துவிடாதீர்கள். வரிசை நீண்டால் ஆப்பரேட்டர் அவசரப்படுவார், பூட்டைச் சரிபார்க்கிற அந்த இரண்டு நொடியில்தான் அவசரம் கை வைக்கும். ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, பள்ளிக்கூடமும் நடக்கும், பூங்காவில் கூட்டம் குறைவு. திறப்பு நாள் எந்த மாதமாக இருந்தாலும் விழாவை அங்கே கொண்டுபோய் வையுங்கள். அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே சோதனைகளைத் தொடங்கினால், பழுது பார்க்க ஏழெட்டு மாதம் கிடைக்கும். விழா அன்று வாசலில் என்னென்ன சோதித்தோம், எதை மாற்றினோம், எந்தத் தேதியில், யார் சான்று கொடுத்தார்கள் என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள். உள்ளே வருகிற தாய்மார்கள் அதை நின்று படிப்பார்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.