பஞ்சுக்காகத் திரும்ப வேண்டிய மகரந்தம்

பெருமதிப்பிற்குரிய அவையோரே, விதைநெல்லைத் தாமே தெரிந்தெடுத்து வைத்துக் காலபோகத்துக்கு விதைத்துப் பழகிய வன்னி விவசாயிகளிடம் பருத்தியின் ஆண்மலட்டுத்தன்மையைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் உண்டு. அதை இறுதியில் சொல்கிறேன். மலடு என்ற சொல்லை நம்மவர்கள் பெண்கள்மீது எறிந்து பழகிவிட்டார்கள். இங்கே அது நல்ல மகரந்தம் தராத பூவை மட்டுமே குறிக்கிறது.

பருத்திப் பூவில் மகரந்தம் தரும் கேசரமும் விதை உண்டாகும் சூலகமும் ஒன்றாகவே இருப்பதால், அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கிறது. எனவே கலப்பின விதை வேண்டுமானால், நாளை மலரவிருக்கும் மொட்டின் கேசரங்களை இன்று பிற்பகலிலேயே நகத்தால் கீறி அகற்றி, மறுநாட் காலையில் வேற்றுச் செடியின் மகரந்தத்தைச் சூலகத்தின் நுனியாகிய குறியில் தடவ வேண்டும். உலகின் முதல் வணிகக் கலப்பினப் பருத்தியான எச்-4, 1970இல் சூரத்தில் சி. டி. பட்டேலால் உருவாக்கப்பட்டபோது, அதன் விதை இவ்வாறு கைகளாலேயே உண்டாக்கப்பட்டது.

கேசரம் அகற்றும் இந்த வேலையைப் பரம்பரையலகிடம் (ஜீனிடம்) ஒப்படைக்க இரு வழிகள் உண்டு. கலத்தின் கருவிலுள்ள பின்னிடைவான, அதாவது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும், அலகுகளால் வரும் மலட்டுத்தன்மையில், விதை தரும் தாய் வரிசையின் பாதிச் செடிகள் வளமாகவே பிறக்கின்றன. பூத்த பின்னரே அவற்றை இனங்கண்டு பிடுங்க முடியும். மற்றையதில், கொசிப்பியம் ஹார்க்னெசி என்னும் காட்டுப் பருத்தியின் குழியவுருவை, அதாவது கலத்தில் கருவைச் சூழ்ந்துள்ள பொருளை, பயிர்ப்பருத்திக்குள் கொணர்கிறார்கள். 1975இல் வெஸ்டா மேயர் அறிவித்த வழி இது. அக்குழியவுருவில் மலட்டுத்தன்மையைச் சுமக்கும் நுண்ணுறுப்புகளான இழைமணிகள் தாய்வழியே வருவதால், இதில் தாய் வரிசை முழுவதும் மலடாக நிற்கிறது.

ஆனால் கலப்பின வெங்காயத்தில் நமக்கு வேண்டியது குமிழ். பூ மலடானாலும் நட்டமில்லை. பருத்தியிலோ விதைத்தோலில் முளைக்கும் மயிரே பஞ்சு, விதையின்றிப் பஞ்சில்லை. ஆகவே தந்தைச் செடி, வளத்தை மீட்கும் ஆட்சியான, அதாவது ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படும், அலகைக் கொண்டிருந்தே ஆக வேண்டும். என் பார்வையில் மலடாக்குவதைவிட இந்த மீட்பே கடினமானது. கடும் வெப்பத்தில் அது தளர்வதும் உண்டு.

இனி, முதலிற் சொன்ன காரணம். அந்தக் கலப்பினத்தின் விதையைச் சேமித்து மறுபடி விதைத்தால், மீட்பு அலகு பிரிந்து, ஏறக்குறைய நாலில் ஒரு செடி மகரந்தமின்றி நிற்கும். பருத்தி மகரந்தம் பாரமும் பிசுபிசுப்பும் உள்ளது, காற்றில் பறக்காது. அச்செடிகள் காய்ப்பது தேனீ வருவதைப் பொறுத்தது.