ஆனி மாதத்து விராலடிப்பான்

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு எனது பணிவான வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதத்துக் காலையொன்றில் நீர்கொழும்புக் களப்பில் வள்ளத்தில் சென்றுகொண்டிருந்தேன். மீன்பிடிக்கென நாட்டியிருந்த கம்பொன்றின் நுனியில் விராலடிப்பான் என்னும் இரைகொல்லிப் பறவை ஒன்று அமர்ந்து, காலடியில் இறுக்கியிருந்த மணலை என்னும் மீனைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. வெண்ணிறத் தலையும் கண்ணின் குறுக்கே ஓடும் கரும்பட்டையும் தெளிவாகத் தெரிந்தமையால் இனத்தைப் பற்றி எனக்கு ஐயம் இருக்கவில்லை. காலத்தைப் பற்றித்தான் ஐயம் எழுந்தது. வட ஆசியாவிலிருந்து புரட்டாதி, ஐப்பசியில் வந்து, பங்குனி, சித்திரையில் திரும்பிவிட வேண்டிய வலசைப் பறவை அது. வள்ளக்காரரிடம் கேட்டேன். "இது போகவே இல்லை, சேர். மற்றதெல்லாம் போயிட்டுது, இது மட்டும் இங்கேயே நிக்குது" என்றார். ஏதோ காயம்பட்ட பறவையாக்கும் என்று அன்று எண்ணிக்கொண்டேன். வேறொரு விளக்கமும் உண்டு என்பதை, இவ்வினத்தைச் செய்மதி வழியாகப் பின்தொடர்ந்தவர்களின் பதிவுகளைப் படித்த பின்னரே அறிந்தேன்.

விராலடிப்பான் ஏறக்குறைய மீனை மட்டுமே உண்டு வாழும் பறவை. பாதத்தின் அடியிலுள்ள முட்போன்ற செதில்களும், பின்னோக்கித் திருப்பக்கூடிய வெளிவிரலும் வழுக்கும் மீனை நழுவவிடாமல் பிடிக்க உதவுகின்றன. வடநாடுகளில் ஏரிகள் உறைந்துவிட்டால் அதற்கு இரை இல்லை. எனவே தெற்கு நோக்கிப் பறந்தாக வேண்டும். எந்த வழியாகப் பறக்கிறது என்பதை அறிய முன்னர் கால் வளையங்கள் மட்டுமே இருந்தன. வளையம் இட்ட இடமும், அதே பறவை மீண்டும் அகப்பட்ட இடமும் தெரியும். இடைப்பட்ட வாழ்க்கை முழுவதும் ஊகமே.

அந்த இடைவெளியை நிரப்பியது, பறவையின் முதுகில் கட்டும் பரப்பி என்னும், வானொலிச் சைகை அனுப்பும் சிறு கருவி. 1978 முதல் இயங்கிவரும் ஆர்கோஸ் என்னும் செய்மதி அமைப்பு தொடக்கத்தில் இதற்குப் பயன்பட்டது. வெள்ளவத்தையில் கடற்கரையோரம் குடியிருக்கும் நேயர்கள், ஊதிக்கொண்டு வரும் புகையிரதத்தின் ஒலி அது கடந்து செல்லும்போது சட்டெனத் தாழ்வதை நாள்தோறும் கேட்டிருப்பீர்கள். டொப்ளர் விளைவு எனப்படும் அதே இயல்பைக் கொண்டுதான், தலைக்கு மேலே விரைந்து செல்லும் செய்மதி தனக்கு எட்டும் சைகையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து பறவை இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. இன்றைய கருவிகளோ ஜி.பி.எஸ். மூலம் இடத்தைச் சில மீற்றர் பிசகில் குறித்து வைத்துக்கொண்டு, கைத்தொலைபேசி வலையமைப்பு எட்டியவுடன் அனுப்பிவிடுகின்றன. கருவியின் எடை பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கை மிஞ்சலாகாது என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் விதி; ஒன்றரைக் கிலோ எடையுள்ள பறவைக்கு அது 45 கிராம். கருவியைத் தாங்கும் பட்டியைப் பருத்தி நூலால் தைப்பதும் வழக்கம். நூல் இற்றதும் கருவி தானாகக் கழன்று விழுந்துவிடும் என்பதால், பறவை அதை ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டியதில்லை. இந்தக் கரிசனை என் மனத்தைத் தொட்ட ஒன்று. நமது நாட்டிலும் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பொருத்திய ஒரு கடற்காகம், ரஷ்யாவின் ஆர்க்டிக் நிலப்பரப்புவரை சென்று மீண்டும் மன்னாருக்கே திரும்பி வந்தது.

சுவீடன் நாட்டு விராலடிப்பான்கள் சராசரியாக 6,700 கிலோமீற்றர் தூரத்தை ஏறக்குறைய 45 நாட்களில் கடந்து வெப்பமண்டல ஆபிரிக்காவை அடைகின்றன. ஸ்கொட்லாந்தில் ரோய் டெனிஸ் என்னும் இயற்கையியலாளர் 1999 முதல் பின்தொடர்ந்த பறவைகள் செனகல், காம்பியா போன்ற மேற்காபிரிக்கக் கரைகளுக்குச் சென்றன. முதலில் பெண் பறவை புறப்படும். குஞ்சுகளுக்கு இரையூட்டும் ஆண் பறவை பின்தங்கும். குளிர்காலத்தை இரண்டும் வெவ்வேறு இடங்களில் கழித்து, இளவேனிலில் பழைய கூட்டுக்கே வந்து மீண்டும் சேர்கின்றன.

கருவி அறிவித்த இடங்களைப் புள்ளிகளாக இட்டு இணைத்த வரைபடத்தில் நெடும்பயணக் கோடுகளே எவர் கண்ணையும் முதலில் கவரும். எனக்கோ, கோடு நின்றுபோகும் இனப்பெருக்க காலமே பெரிதாகப்படுகிறது. ஏறத்தாழ 37 நாட்கள் பெண் பறவையின் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே மரத்தின் உச்சியில் குவிகின்றன. அது அடைகாக்கிறது என்று பொருள். ஆணின் புள்ளிகள் கூட்டிலிருந்து ஏரிக்கும் ஏரியிலிருந்து கூட்டுக்குமாக நெசவுத்தறியின் நாடாவைப்போல் ஓடுகின்றன. எந்த ஏரியில் மீன் பிடித்தது, எத்தனை தடவை சென்றது, புயல் நாளில் எவ்வளவு நேரம் இரையின்றி அலைந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். அடைகாக்கும் காலத்தின் நடுவே பெண்ணின் புள்ளிகள் திடீரெனத் தொலைவுக்குச் சிதறினால், முட்டைகள் அழிந்துவிட்டன என்று அஞ்ச வேண்டியதாகிறது. கூட்டருகே எவரும் நின்று பறவையைக் கலைக்காமலேயே இத்தனையும் அறிய முடிகிறது. 1916 ஆம் ஆண்டளவில் ஸ்கொட்லாந்தில் கூடு கட்டுவது அற்றுப்போய், 1954 இல் மீண்டும் தொடங்கிய இனம் இது. முட்டை திருடுவோருக்கு அஞ்சி இரவு பகலாகக் கூடுகளுக்குக் காவலிருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், தொலைவிலிருந்து அறிவதன் அருமை விளங்கும்.

பிறந்து ஏழெட்டு வாரங்களில் பறக்கத் தொடங்கும் குஞ்சுகள், சில வாரங்களின் பின் தாய் தந்தையரின் துணையின்றித் தனியாகவே புறப்படுகின்றன. திசையுணர்வு பிறவியிலேயே அமைந்திருந்தாலும் காற்றை எதிர்கொள்ளும் அனுபவம் அவற்றுக்கு இல்லை. அத்திலாந்திக் கடலின்மேல் அடித்துச் செல்லப்பட்டு, கரையே இல்லாத வெளியில் புள்ளிகள் நின்றுபோன பதிவுகளும் உண்டு. உயிர்தப்பி ஆபிரிக்காவை அடைந்த இளம்பறவை, அடுத்த இளவேனிலில் மூத்தவை வடக்கே திரும்பும்போது உடன் செல்வதில்லை. இனப்பெருக்க வயதை இன்னும் எட்டாததால், அந்தக் கோடை முழுவதையும் அங்கேயே ஒரு முகத்துவாரத்திலோ களப்பிலோ கழித்து, பெரும்பாலும் இரண்டு வயதில்தான் முதன்முதலாகப் பிறந்த நாட்டுக்குத் திரும்புகிறது.

இதைப் படித்தபோது என் நினைவில் எழுந்தது நீர்கொழும்பின் அந்தக் கம்புதான். காயம்பட்ட பறவை அவ்வளவு பெரிய மணலையைப் பிடித்திருக்குமா என்று அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். மறு ஆண்டு வைகாசியில் மீண்டும் சென்று அதே வள்ளக்காரரைத் தேடிப்பிடித்து விசாரித்தேன். "சித்திரைப் புதுவருசத்துக்கு முந்தின கிழமை போயிட்டுது, சேர்" என்றார். கம்பின் நுனியில் ஒரு நீர்க்காகம் சிறகு விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

நன்றி, வணக்கம்.