தோற்றவன் கட்டுவான்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் 'முதல் உலகப் போர்' என்று போட்டுவிட்டார்கள். பதுங்குகுழி, விஷவாயு, வெர்டன் சண்டை என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது அந்தப் போரின் வரவு செலவை. கணக்கு என்றதும் எழுந்துவிடாதீர்கள். கல்யாண மோதிரமும் இதில் வருகிறது, தந்திக் கம்பமும் வருகிறது.

போர் நடத்தக் காசு வேண்டும். வரி போடலாம், இல்லாவிட்டால் கடன் வாங்கலாம். பிரிட்டன் வரியையும் ஓரளவு ஏற்றியது. ஜெர்மனி பெரும்பாலும் கடனையே நம்பியது. 1914 செப்டம்பரில் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போர்க்கடன் பத்திரம் விற்றது. மொத்தம் ஒன்பது தடவை, வட்டி 5 சதவீதம். பள்ளிப் பிள்ளைகள்கூடக் காசு சேர்த்து வாங்கினார்கள். பெண்கள் தங்கத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள், கல்யாண மோதிரம் உட்பட. பதிலுக்கு ஓர் இரும்பு மோதிரம். 'இரும்புக்காகத் தங்கம் கொடுத்தேன்' என்று அதில் பொறித்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது அன்று பெருமை.

சரி, இத்தனை கடனையும் எப்படி அடைப்பது? 1915ல் நிதிப் பொறுப்பிலிருந்த கார்ல் ஹெல்ஃபரிக் இதற்கு நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார். போரைத் தூண்டிவிட்டவர்கள்தான் இந்தச் சுமையைப் பல பத்தாண்டுகளுக்கு இழுக்க வேண்டும், நாம் இல்லை என்றார். நாம் ஜெயிப்போம், தோற்றவன் கட்டுவான். அவ்வளவுதான் திட்டம்.

இதை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1871ல் தோற்ற பிரான்சிடம் ஜெர்மனி 500 கோடி பிராங்க் கேட்டது. பிரான்ஸ் 1873க்குள் கட்டி முடித்தது. போரிலிருந்து ஏற்கெனவே விலகியிருந்த ரஷ்யாவின் தலையிலும் 1918 ஆகஸ்டில் 600 கோடி மார்க்கை ஜெர்மனி கட்டியது. அடுத்த மூன்று மாதத்தில் தோற்றவன் யார் என்பது மாறிவிட்டது.

இதில் நம் பங்கும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1917ல் இந்தியா பிரிட்டனின் போர்ச் செலவுக்கு 10 கோடி பவுண்டு 'அன்பளிப்பு' கொடுத்த கதை அந்த அளவுக்குத் தெரியாது. யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. 1918ல் கப்பலேறி வந்த விஷக்காய்ச்சல் இங்கே ஒரு கோடிக்கும் மேலானவர்களைக் கொண்டுபோனது. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம், ஏப்ரல் 13ல் ஜாலியன்வாலாபாக். நாம் வெற்றி பெற்ற பக்கம் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியுடனான சமாதான ஒப்பந்தமான வெர்சாய் உடன்படிக்கை 1919 ஜூன் 28ல் கையெழுத்தானது. ஜெர்மனி நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்று எழுதினார்கள், முழுத்தொகையை எழுதவில்லை. அது 1921ல் முடிவானது: 13,200 கோடி தங்க மார்க், அதாவது தங்கத்தின் மதிப்பில் கணக்கிட்ட மார்க். ஆனால் இந்தத் தொகையை மூன்று வகைப் பத்திரங்களாகப் பிரித்தார்கள். முதல் இரண்டும் சேர்ந்து 5,000 கோடி. மூன்றாவது வகை 8,200 கோடி. ஜெர்மனிக்குச் சக்தி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்த அந்தப் பத்திரம் வசூலாகாது என்று வகுத்தவர்களுக்கே தெரியும். பிறகு ஏன் போட்டார்கள்? பாரிசிலும் லண்டனிலும் ஓட்டுப் போட்டவர்களுக்குப் பெரிய எண் தேவைப்பட்டது. அந்தப் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனியின் தீவிரவாதிகளும் பத்து வருடம் அரசியல் செய்தார்கள். இரு தரப்புக்கும் உதவிய பொய் அது.

பிரான்ஸ் கேட்டது பேராசை என்று சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மேற்கில் போர் பெரும்பாலும் பிரான்சின் மண்ணில்தான் நடந்தது. லான்ஸ் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களைத் தண்ணீர் விட்டு மூழ்கடித்துவிட்டுப் போனது ஜெர்மன் படை. ஜெர்மனியின் தொழிற்சாலைகளோ அப்படியே நின்றன. இதற்கு மேல், போர்க்காலத்தில் கொடுத்த கடனை அமெரிக்கா பிரான்சிடமும் பிரிட்டனிடமும் திருப்பிக் கேட்டது.

1922 டிசம்பரில் நஷ்ட ஈடாக ஜெர்மனி தர வேண்டிய தந்திக் கம்பங்கள் கணக்கில் குறைந்தன. அப்புறம் நிலக்கரியும் குறைந்தது. 1923 ஜனவரி 11 அன்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்குள் நுழைந்தன. தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்க ஜெர்மன் அரசு நோட்டு அடித்தது. ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்ததுதான், இப்போது இரவு பகலாக.

1914ல் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். ஒரு ரொட்டி 20,000 கோடி. கூலி வாங்கியவர் நேராகக் கடைக்கு ஓடினார், வீட்டுக்குப் போய் வந்தால் விலை ஏறியிருக்கும். இவை படத்துடன் எல்லாப் பாடநூலிலும் உண்டு. பலர் கவனிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. போருக்காக அரசு சொந்த மக்களிடம் வாங்கியிருந்த கடன் சுமார் 15,400 கோடி மார்க். 1923 நவம்பரில் அந்தக் கடன் முழுவதன் மதிப்பு, 1914ன் காசில், 15 ஃபெனிக். நூறு ஃபெனிக் ஒரு மார்க். தேசத்தின் போர்க்கடன் அத்தனையும் சில்லறைக் காசில் தீர்ந்தது! பிரான்சால் வாங்க முடியாததை ஜெர்மன் அரசு தன் பள்ளி ஆசிரியரிடமும் ஓய்வுபெற்ற குமாஸ்தாவிடமும் விதவையிடமும் வாங்கிவிட்டது. 1925ல் சட்டம் போட்டு ஏதோ கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்கள். இரும்பு மோதிரம் மட்டும் அவர்கள் கையிலேயே இருந்தது.

1924ல் நஷ்ட ஈட்டுத் தவணைகளை ஒழுங்குபடுத்த டாஸ் திட்டம் வந்தது. அமெரிக்க வங்கிகள் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தன. ஜெர்மனி அதை வைத்து பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் கட்டியது. அவர்கள் அமெரிக்காவுக்குக் கட்டினார்கள். நம் ஊர்க் கடைத்தெருவில் இதை ரொட்டேஷன் என்பார்கள். ஒருவர் கையை இறுக்கினால் எல்லாம் நிற்கும். 1929ல் நியூயார்க் பங்குச்சந்தை விழுந்தது, நின்றது.

பணவீக்கம்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். தேதிகள் அதற்கு ஒத்துவரவில்லை. 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 2.6 சதவீத ஓட்டுதான். 1932 ஜூலையில் 37.3. இடையில் நடந்தது பணவீக்கமல்ல, வேலையின்மை. ஏறத்தாழ 60 லட்சம் பேர். போதாக்குறைக்கு அரசு கூலியையும் உதவித்தொகையையும் வெட்டியது. இன்னொன்று: நஷ்ட ஈட்டை 1932 ஜூலையில் லொசான் மாநாடு ஏறக்குறைய ரத்தே செய்துவிட்டது. ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி. கட்ட வேண்டிய கடன் போன பிறகும் கடனைக் காட்டித் தூண்டிய கோபம் போகவில்லை.

பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்காவுக்குக் கட்டுவதை நிறுத்திக்கொண்டன. குட்டி நாடான பின்லாந்து மட்டும் தவணை தவறாமல் கட்டியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வழி மாறியது. முற்றிலும் மாறியது என்று சொல்ல மாட்டேன். சோவியத் ஒன்றியம் தன் பகுதியில் தொழிற்சாலைகளைக் கழற்றி எடுத்துப் போனது. மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கெல்லாம் சேர்த்து, அமெரிக்காவின் மார்ஷல் உதவித் திட்டத்தில் சுமார் 1,300 கோடி டாலர் வந்தது. 1953ல் லண்டனில் உட்கார்ந்து மேற்கு ஜெர்மனியின் பழைய கடனை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். கையெழுத்திட்ட, கடன் வர வேண்டிய நாடுகளில் ஜெர்மனி ஆக்கிரமித்துச் சூறையாடிய கிரீஸும் ஒன்று. பாக்கி வட்டியில் ஒரு பகுதியை, இரு ஜெர்மனிகளும் ஒன்றானால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். நடக்கிற காரியமா என்று நினைத்திருப்பார்கள். 1990ல் நடந்துவிட்டது. தள்ளி வைத்த வட்டிக்கு மறுபடி தவணை போட்டு, 2010 அக்டோபர் 3 அன்று கட்டி முடித்தார்கள். அந்தப் பணம் பிரான்சுக்குப் போகவில்லை. நஷ்ட ஈடு கட்டுவதற்காக 1924லும் 1930லும் ஜெர்மனி வெளிநாட்டில் விற்ற பத்திரங்களை அன்று கையில் வைத்திருந்தவர்களுக்குப் போனது.

கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் கேளுங்கள். நன்றி.