முழங்கை பட்ட இடம்

(பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது. பேசிய போக்கிலேயே எழுதியிருக்கிறேன்.)

பெரியோர்களே, வாசகசாலை நண்பர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போதே பார்த்தேன். புளியமரத்தடியில் இரண்டு ஜீப், ஒரு யெஸ்டி, ஒரு பழைய லாம்பிரட்டா நிற்கின்றன. யெஸ்டியைச் சுற்றி நாலு பையன்கள் குந்தி உட்கார்ந்து கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நம்ம ஆட்கள் இருக்கிறார்கள், பேசலாம்.

பழைய பொருள்களின் மேல் உள்ள பிரியம் என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் மூன்று பொருளோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒன்று பேஸ் கிடார், பாட்டுக்கு அடியில் கனத்த நாதம் கொடுக்கிற கிடார். அது என் பிழைப்பு. முப்பது வருஷத்துக்கு மேலாக வாசிக்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் கானமேளா, அந்தப் பக்கம் மெல்லிசைக் கச்சேரி, இரண்டுக்கும் அதே கிடார்தான். இன்னொன்று கார். அது என் அப்பாவின் பிழைப்பு, அம்பாசிடர் டாக்சி ஓட்டினார். மூன்றாவது போர் விமானம். சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. சின்ன வயதில் தென்னந்தோப்புக்கு மேலே சத்தம் கேட்டால் போதும், சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடுவேன்.

இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், விடை நம்ம ஊர்ப் பெயின்ட் கடையிலேயே இருக்கிறது. தச்சு வேலை, டிங்கரிங் வேலை பார்க்கிறவர்கள் கடைக்குப் போய் "என்.சி. தின்னர் ஒரு லிட்டர்" என்று வாங்குவார்கள். அந்த என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ். வேறொன்றும் இல்லை, பஞ்சு. பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் ஊறவைத்துக் கழுவி எடுத்தால் வெடிக்கிற பஞ்சாகிவிடும். ஷோன்பைன் என்ற வேதியியல் அறிஞர் 1846-ல் இதை உலகத்துக்குச் சொன்னார். நீலகிரியில் அருவங்காட்டில் கார்டைட் ஃபாக்டரி இருக்கிறதே, அந்தக் கார்டைட் என்கிற வெடிமருந்திலும் இதுதான் சரக்கு.

அதே பஞ்சைக் கரைப்பானில் கரைத்தால் பெயின்ட் ஆகிறது. முதல் உலகப் போர்க் காலத்து விமானங்களுக்கு இறக்கையெல்லாம் மரச்சட்டத்தின் மேல் போர்த்திய துணி. அந்தத் துணிமேல் இதைப் பூசுவார்கள். காயக் காயத் துணி சுருங்கி, வார் பிடித்துக் கட்டின மிருதங்கத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். விரலால் தட்டினால் நாதம் வரும். நம் விமானப்படையின் பழைய விமானப் பிரிவில் இருக்கிற டைகர் மாத் கூட அப்படித் துணி போர்த்திய விமானம்தான்.

போர் முடிந்ததும் அமெரிக்காவில் டியூபான்ட் கம்பெனியிடம் இந்த நைட்ரோசெல்லுலோஸ் செய்கிற வசதி மலை மாதிரி மிஞ்சியது. அதை வைத்துக் கார் பெயின்ட் செய்தார்கள். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் காருக்கு அடித்தார்கள். அதுவரைக்கும் ஒரு காருக்கு வார்னிஷ் பூசிக் காய வைக்க வாரக்கணக்கில் ஆகும். இது சில மணி நேரத்தில் காய்ந்தது. அந்தப் பெயின்ட்டின் பெயர் டூகோ. இன்றைக்கும் நம் ஒர்க்‌ஷாப்பில் "டூகோ அடிக்கணும்" என்கிறோம் இல்லையா, அது அந்தப் பெயர்தான்.

அப்புறம் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-ல் ஒரு பேஸ் கிடார் செய்தார். அதற்கு முன்னால் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கிற பெரிய வாத்தியம். பஸ்ஸில் ஏற்ற முடியாது, டிரம்ஸ் முழங்கினால் அதன் சத்தம் அமுங்கிப் போகும். இவர் அதைத் தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி செய்து, கழுத்தில் குறுக்காக ஃப்ரெட் கம்பிகள் வைத்தார். விரலை எங்கே வைத்தாலும் சுருதி துல்லியமாக விழும், அதனால் பிரிசிஷன் பேஸ் என்று பெயர். அவர் அடித்த பெயின்ட்டும் பெரும்பாலும் இதே சரக்கு. கலர்களைக்கூடக் கார் கம்பெனிகளின் அட்டையிலிருந்துதான் எடுத்தார். ஃபியஸ்டா ரெட் என்பது ஃபோர்டு காரின் சிவப்பு, லேக் பிளாசிட் புளூ என்பது காடிலாக் காரின் நீலம்.

ஆக, ஒரே பஞ்சு விமானத்துக்கும் காருக்கும் கிடாருக்கும் தோலாக இருந்திருக்கிறது. இது தெரிந்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் பெயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. அது நம்மோடு சேர்ந்து வயதாகும். வெயில் பட்டால் மஞ்சளிக்கும். வெள்ளை கிடார் வெண்ணெய் நிறமாகும், நீலம் பச்சையாகத் தெரியும். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். கை ஓயாமல் உரசுகிற இடத்தில் தேய்ந்து மரம் தெரியும். நம் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மீன மாதத்தில் அடிக்கிற வெயிலுக்கும் கர்க்கடக மாத மழைக்கும் நடுவில் கிடாரின் கழுத்தே வளைந்து நிமிரும். வருஷத்துக்கு இரண்டு தடவை ஆலன் கீ வைத்து அதன் உள்கம்பியைத் திருகி நேராக்குவேன். அவ்வளவு உயிருள்ள பொருள் அது.

என் முதல் பேஸ் கல்கத்தாவில் செய்தது. 1989-ல் திருச்சூரில் ஒரு கானமேளா குழுவினரிடம் பழசாக வாங்கினேன். ஓரத்தில் கறுப்பும் நடுவில் தேன் நிறமுமாக இருக்கும். எனக்கு முன்னால் வாசித்தவரின் வலது முன்கை படிந்து படிந்து மேல் ஓரத்தில் ஒரு கையகலத்துக்குப் பெயின்ட் போய் மரம் தெரிந்தது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்புக்கு மேலே கட்டைவிரல் ஊன்றுகிற இடத்தில் ஒரு குழி. வாங்கின முதல் நாள் என் கையை வைத்துப் பார்த்தேன். அப்படியே அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. முகம் தெரியாத ஒருவர் எனக்கு இடம் ஒதுக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

2006-ல் நான் ஒரு தப்புச் செய்தேன். மேடையில் எல்லோருடைய கிடாரும் பளபளவென்று இருக்கிறதே என்று, பக்கத்து டவுனில் ஒரு பெயின்டரிடம் கொடுத்தேன். அவர் முழுசாகச் சுரண்டி, குழியைப் பட்டி வைத்து அடைத்து, கண்ணாடி மாதிரி கனமாக அடித்துக் கொடுத்தார். நல்ல வேலைக்காரர்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். சத்தத்தில் குறை இல்லை. ஆனால் முன்கை வியர்வையில் ஒட்டியது. கட்டைவிரல் குழியைத் தேடிக்கொண்டே இருந்தது. ஒரு மாதம் அந்தக் கிடாரை யாருடையதோ மாதிரி வாசித்தேன். பதினேழு வருஷம் என்னுடையது, அதற்கு முன்னால் இன்னொருவருடையது, எல்லாம் ஒரே மத்தியானத்தில் உப்புத்தாளுக்குப் போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

அப்படியும் புத்தி வந்ததா என்றால் இல்லை. அப்பா 2009-ல் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் அவருடைய அம்பாசிடரைப் புதுசாக்கி வைக்கலாம் என்று வேலந்தாவளம் ரோட்டில் மேஸ்திரியிடம் ஓட்டிப்போனேன். அந்த வண்டி பிறந்ததிலிருந்து அதற்கு மேஸ்திரியின் கைதான். இக்னிஷன் பாயின்ட்டை உப்புத்தாளில் ஒரே இழுப்பு இழுப்பார், ஃபீலர் கேஜை விட்டு இடைவெளி பதினைந்து தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, இருக்கிறதா என்று பார்ப்பார், நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை டாப்பெட் மூடியில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் தோற்றுப்போவார்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டிரைவர் பக்கக் கதவில், கண்ணாடி இறங்குகிற விளிம்பில் கையை வைத்தார். அங்கே க்ரீம் கலர் போய், அடியில் செங்காவி பிரைமர் தெரிந்து, அதுவும் போய்த் தகடு மின்னிக்கொண்டிருந்தது.

"ஏனுங் தம்பி, இது என்னன்னு தெரியுதுங்களா?"

"பெயின்ட் போயிருக்குதுங்க மேஸ்திரி."

"அப்பாவோட முழங்கைங்க. முப்பது வருசம் இங்கதான் வெச்சிருந்தார். இதையும் சேர்த்து அடிச்சுடோணுமுங்களா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிரேக் மாஸ்டர் சிலிண்டரையும் வயரிங்கையும் மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்பாசிடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற இங்கிலாந்துக் காரின் மறுபிறவி. வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்தார்கள், 2014-ல் நிறுத்திவிட்டார்கள். ஸ்பேர் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகிறது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைகிறேன், கிடைக்காததைக் கோயமுத்தூர் லேத் பட்டறைகளில் கடைந்து வாங்குகிறேன். அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசலாம்.

விமானத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "குண்டு போடறதுக்குச் செஞ்சதை எப்படித் தம்பி ஆசையா பார்க்கறே?" சரியான கேள்வி. குண்டை நான் நேசிக்கவில்லை. லிபரேட்டர் என்ற விமானத்தின் கதையைச் சொன்னால் நான் எதை நேசிக்கிறேன் என்று புரியும்.

அது நாலு இன்ஜின் வைத்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம், 18,000-க்கு மேல் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், இங்கே இருந்த லிபரேட்டர்களைக் கான்பூரில் போட்டு, மறுபடி யாரும் பறக்க முடியாதபடி வேண்டுமென்றே சிதைத்துவிட்டுப் போனார்கள். புது விமானம் வாங்க அப்போது நம்மிடம் வசதி இல்லை. ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் அந்தக் குப்பைமேட்டுக்குப் போனார்கள். இதிலிருந்து ஒரு சக்கரம், அதிலிருந்து ஒரு இன்ஜின் என்று ஒட்டுப்போட்டு, ஒவ்வொன்றாகப் பறக்கவைத்துப் பெங்களூருக்குக் கொண்டுவந்து முழுசாகச் சரிசெய்தார்கள். சுமார் 40 விமானம்! 1968 வரைக்கும் அவை நம் விமானப்படையில் பறந்தன. மற்ற நாடுகளில் அநேகமாக எல்லாமே உடைத்து உருக்கப்பட்டுவிட்டன. பிறகு அருங்காட்சியகக்காரர்கள் தேடி வந்தது நம்மிடம்தான். இன்றைக்கு லண்டன் ஹெண்டனில் நிற்கிற லிபரேட்டரும், அமெரிக்காவில் டூசானில் நிற்பதும், கனடாவின் ஒட்டாவாவில் நிற்பதும் இங்கிருந்து போனவை. ஸ்பானர் பிடித்த அந்தக் கைகளைத்தான் அம்மா, நான் ஆசையாகப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018-ல் விமானப்படைக்கு ஒரு பழைய டகோட்டா போக்குவரத்து விமானம் வந்தது. டகோட்டா ஓட்டிய ஒரு மலையாளி அதிகாரியின் மகன், அப்பாவுக்காக ஒன்றை வாங்கி, இங்கிலாந்தில் சீராக்கிக் கொடுத்தார். பரசுராமா என்று பெயர், கேரளத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வால் பக்கத்தில் வி.பி. 905 என்ற எண். 1947 அக்டோபர் 27-ல் முதல் படையினரை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாவின் எண் அது. அவர் அப்பா விமானம், என் அப்பா டாக்சி. பாசம் ஒன்றுதான்.

ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன், பையன்கள் கேட்டுக்கொள்ளுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பழசு என்ற பேச்சே கூடாது. 2019-ல் அமெரிக்காவில் ஒரு பழைய பி-17 விமானம் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். 2022-ல் டல்லாஸ் விமானக் காட்சியில் இரண்டு பழைய விமானங்கள் வானத்தில் மோதி ஆறு பேர் போனார்கள். பிரேக், டயர், வயர், பெட்ரோல் டியூப் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். ஒரிஜினல் டயர் என்று பெருமை பேசி வாளையார் ரோட்டில் எண்பதில் போகாதீர்கள். கையும் காலும் உரசித் தேய்ந்த இடத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

கிடார்க்காரர்களுக்கும் இந்த ஆசை தீராது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்கில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ் 1972-ல் திருட்டுப் போனது. ஐம்பது வருஷம் கழித்து இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது, 2024-ல் உலகத்துக்கே சொன்னார்கள். டெட்ராய்ட்டில் மோட்டவுன் பாட்டுக் கம்பெனியின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த 1962 பிரிசிஷன் பேஸும் திருட்டுப் போனதுதான். அவர் 1983-ல் இறந்தார், அது கிடைக்கவேயில்லை. அறுந்தால் ஒழிய கம்பியே மாற்றமாட்டாராம் மனுஷன். அது எங்கேயோ ஒரு பரணில் இருக்கிறது, யாரும் அதற்குப் புதுப் பெயின்ட் அடித்துவிடவில்லை என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

என் பேஸ் இப்போது நன்றாக இருக்கிறது. அடித்து இருபது வருஷம் ஆகப்போகிறது. அந்தக் கனமான பெயின்ட்டும் முன்கை படுகிற இடத்தில் லேசாக மங்க ஆரம்பித்திருக்கிறது. என் மகள் வாசிக்கப் பழகுகிறாள், அவள் கையும் அதே இடத்தில்தான் விழுகிறது.

அம்பாசிடரில்தான் வந்தேன். ஜீப்புக்குப் பின்னால் நிற்கிறது, பூட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் ஆசைப்படுகிறவர்கள் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். வலது கை தானாக எங்கே போகிறது என்று எனக்கு வந்து சொல்லுங்கள்.