விண்வெளியில் வாடகைக்கு வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 28. கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து ஒரு சோயுஸ் ராக்கெட் கிளம்புகிறது. உள்ளே மூன்று பேர். இருவருக்கு அது வேலை. மூன்றாமவர் டிக்கெட் வாங்கி ஏறியவர். பெயர் டென்னிஸ் டிட்டோ, அமெரிக்கர், வயது 60. டிக்கெட் விலை சுமார் 2 கோடி டாலர் என்று அப்போது பேச்சு. இந்த ஆள் இப்போது வேண்டாம் என்று நாசா எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. ரஷ்ய விண்வெளித் துறைக்கு அன்று பணமுடை. வருகிற காசை விடுமா? ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எட்டு நாள் கழித்து டிட்டோ நல்லபடியாகத் திரும்பி வந்தார்.

தனியார் விண்வெளிப் பயணம் என்றதும் இன்றும் நம் மனத்தில் எழுவது இந்தக் காட்சிதான்: ஒரு பணக்காரர், ஒரு ஜன்னல், கீழே நீலமாகப் பூமி. ஆனால் டிட்டோ அங்கே விருந்தாளி. தங்கிய வீடான பன்னாட்டு விண்வெளி நிலையமும் அரசுகளுடையது, போன வண்டியும் அரசுடையது. அதன்பிறகு வண்டி கைமாறிவிட்டது. வீடு கைமாறுமா என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அதற்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2021 ஜூலையில் ஒன்பது நாள் இடைவெளியில் ரிச்சர்ட் பிரான்சன், ஜெஃப் பெசோஸ் என்ற இரு பணக்காரத் தொழிலதிபர்கள் தத்தம் நிறுவன வாகனங்களில் மேலே போய்வந்தார்கள். ஒருவர் தொட்டது சுமார் 86 கிலோமீட்டர், மற்றவர் 107. எடையில்லாமல் மிதந்தது மூன்று, நான்கு நிமிடம். மேலே எறிந்த கல் திரும்பி வருவதுபோல வந்துவிட்டார்கள். மேலே போவது வேறு, அங்கே தங்குவது வேறு. தங்க வேண்டுமானால் பூமியைச் சுற்றி மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 100 கிலோமீட்டரைத் தொட்டுவரத் தேவையான ஆற்றலைப் போல முப்பது மடங்குக்கு மேல் அதற்கு வேண்டும். செய்தித்தாளில் இரண்டுக்கும் ஒரே தலைப்பு போடுகிறார்கள், என்ன செய்ய!

சரி, வண்டிக்கு வருவோம். 2006-இல் நாசா ஒரு முடிவெடுத்தது. ஸ்பேஸ் ஷட்டில் என்ற அதன் விண்வெளி ஓடங்களுக்கு ஓய்வு கொடுக்கும் காலம் நெருங்கியது. விண்வெளி நிலையத்துக்கு யார் சரக்கு கொண்டுபோவது? தனியார் நிறுவனங்களைக் கூப்பிட்டு, வண்டியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், கொண்டுவந்து சேர்த்தால் கூலி தருகிறோம் என்றது. லாரிக்காரரிடம் எஞ்சின் வரைபடத்தையா கேட்கிறோம்? சரக்கு எப்போது வரும் என்றுதானே கேட்கிறோம்.

அப்படி வந்தவர்களில் ஒன்றான ஸ்பேஸ்எக்ஸ் அன்று ஒரு சின்ன கம்பெனி. பசிபிக் கடலின் குவாஜலீன் பவளத்தீவிலிருந்து அவர்கள் ஏவிய ஃபால்கன் 1 ராக்கெட்டுகள் மூன்று வரிசையாகத் தோற்றன. 2008 செப்டம்பரில் நான்காவது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அந்த டிசம்பரிலேயே 12 நடை சரக்குக்கு நாசாவின் ஒப்பந்தம் கிடைத்தது, 160 கோடி டாலருக்கு. 2012 மேயில் முதல் முறையாக அவர்களின் டிராகன் கலம் நிலையத்தை எட்டியது. 2020 மேயில் ஆட்களையே ஏற்றிச் சென்றது.

நடுவில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் 21 இரவு, ஃபுளோரிடா. ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் மேலே போனது. இரண்டரை நிமிடத்தில் அடியிலிருந்த முதல் அடுக்கு தனியே பிரிந்தது. அதுவரை வழக்கம் என்னவென்றால், அந்த அடுக்கு கடலில் விழும், கதை முடிந்தது. அன்று அது திரும்பிக்கொண்டது. எஞ்சினை மறுபடி மூட்டி வந்த வழியே திரும்பியது. வளிமண்டலத்துக்குள் நுழையும்போது ஒரு தடவை எரித்து வேகத்தைக் குறைத்தது. உச்சியிலிருந்த சல்லடை போன்ற சிறகுகள் திசை பிடித்தன. கடைசி நொடிகளில் நான்கு கால்களையும் விரித்து, பத்துமாடிக் கட்டடத்தைவிட உயரமான அந்த உருளை தரையில் நேராக நின்றது. கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 2017 மார்ச்சில், அப்படி மீண்டு வந்த இன்னொரு அடுக்கு இரண்டாம் முறை பறந்தது. இப்போது ஒரே அடுக்கு 20 தடவைக்கு மேல் போய்வருகிறது. வண்டி மலிவானது இப்படித்தான்.

மலிவான வண்டியில் என்ன போகிறது? மனிதர்கள் கொஞ்சம். பெரும்பகுதி செயற்கைக்கோள்கள், அதிலும் ஸ்பேஸ்எக்ஸின் சொந்த இணையச் செயற்கைக்கோள்கள். விண்வெளியில் இன்று நிஜமாகப் பணம் புரளும் இடம் அது. அங்கே மனிதனுக்கு வேலையில்லை.

வீட்டு விஷயம் சிக்கலாவதும் இங்கேதான். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. வீடு பழசாகிவிட்டது, ஒரு பக்கம் காற்றுக் கசிவும் ஏற்பட்டது. 2030 வாக்கில் அதை மூடிவிட்டு, தனியார் கட்டும் நிலையங்களில் வாடகைக்கு இருந்துகொள்ளலாம் என்பது நாசாவின் திட்டம். வண்டிக்குப் பலித்தது வீட்டுக்கும் பலிக்கும் என்ற நம்பிக்கை. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஏனென்றால் மனிதன் செலவு பிடித்த குடித்தனக்காரன். எடையற்ற நிலையில் மாதத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்கு எலும்பின் அடர்த்தி குறைகிறது. அதைத் தடுக்கத் தினமும் இரண்டு மணிநேரம் உடற்பயிற்சி. தண்ணீரில் 98 சதவீதத்தை மீட்கிறார்கள். வேர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாம் அதில் அடக்கம். நேற்றைய காபிதான் இன்றைய காபி என்று அங்கே கேலியாகச் சொல்வார்கள். கழிப்பறை பழுது, பம்பு மாற்றுவது, வடிகட்டி துடைப்பது என்று வீட்டைப் பராமரிப்பதிலேயே நாளின் ஒரு பகுதி போய்விடும்.

எடையற்ற இடத்தில் மருந்துப் படிகங்கள் வளர்க்கலாமே, அதற்கு ஆள் வேண்டாமா என்று கேட்பார்கள். வார்டா என்ற நிறுவனம் 2023-இல் ஒரு சின்னக் கலத்தை அனுப்பி, எச்.ஐ.வி. சிகிச்சைக்கான ரிட்டோனாவிர் மருந்தின் படிகங்களை அங்கே உருவாக்கியது. உள்ளே ஒருவர்கூட இல்லை. வேலை சில வாரங்களில் முடிந்தும், தரையிறங்க அனுமதி கிடைக்காமல் கலம் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்து, 2024 பிப்ரவரியில்தான் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. ஆள் இருந்திருந்தால் அத்தனை மாதமும் சோறு போட்டிருக்க வேண்டும்!

அரசு ஒதுங்கி நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 1967-இன் விண்வெளி உடன்படிக்கைப்படி, ஒரு தனியார் நிறுவனம் அங்கே செய்வதற்கெல்லாம் அதன் நாடுதான் பொறுப்பு. அதே சமயம் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை: பயணிகளுக்கு இந்த வாகனம் பாதுகாப்பானது என்று அரசு சான்று தருவதில்லை. அதைத் தெரிந்துகொண்டே வருகிறேன் என்று பயணி கையெழுத்துப் போட வேண்டும். விமான டிக்கெட்டில் அப்படி எழுதியிருந்தால் எத்தனை பேர் ஏறுவோம்?

ஆகவே புது வீடுகள் வந்தாலும், ரொம்ப காலத்துக்கு முக்கியமான குடித்தனக்காரர்கள் அரசுகளாகத்தான் இருப்பார்கள் என்பது என் கணக்கு. தங்கள் வீரர்களை அனுப்ப விரும்பும் நாடுகள் இப்போதே இடம் பிடிக்க வரிசையில் நிற்கின்றன. உல்லாசப் பயணிகளைவிட அவர்கள்தான் உறுதியான வாடிக்கை.

பழைய வீட்டை இடிக்கும் வேலை ஏற்கனவே ஒப்படைக்கப்பட்டுவிட்டது. 400 டன்னுக்கும் மேல் எடையுள்ள அந்த நிலையத்தை, ஆளரவமற்ற கடற்பரப்பில் விழும்படி தள்ளிவிட ஒரு கலம் கட்டித்தர, 2024 ஜூனில் நாசா அதிகபட்சம் 84.3 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தம் கிடைத்தது, 2012-இல் அந்த வீட்டுக்குச் சரக்கு கொண்டுவந்து இறக்கிய அதே ஸ்பேஸ்எக்ஸுக்கு. அதற்குள் தனியார் வீடு எதுவும் குடிபோகத் தயாராகவில்லை என்றாலும் சுற்றுப்பாதை காலியாகிவிடாது. சீனாவின் தியான்கோங் நிலையத்தில் 2022 முதல் ஆள் மாறி ஆள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். அது முழுக்க முழுக்க அரசு கட்டிய வீடு.

நன்றி, வணக்கம்.