ஆன்-கேம்பஸ் வேலை: மணிக்கு இத்தனை டாலர் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான், ஆனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பாதியில் ஓடிவிடாதீர்கள். அமெரிக்காவில் படித்துக்கொண்டே யுனிவர்சிட்டிக்குள் வேலை பார்க்கிற மாணவர்களுக்கு ‘மணிக்கு இத்தனை டாலர்’ என்று ஒரு எண் கொடுக்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது? புரொபசர் வைக்கிறாரா, டைனிங் ஹால் மேனேஜர் வைக்கிறாரா, ஹெச்.ஆர். வைக்கிறதா? நன்றாக வேலை செய்தால் நல்ல சம்பளம் என்று நம்பிக்கொண்டுதான் பாதிப்பேர் விமானம் ஏறுகிறார்கள். உங்கள் திறமைக்கு அதில் இருக்கிற பங்கு ரொம்பக் கொஞ்சம். எந்தக் கட்டத்துக்குள் உங்கள் வேலையைப் போட்டார்கள், எந்தக் கணக்கிலிருந்து பணம் வருகிறது, இந்த இரண்டும் தெரிந்தால் முக்கால்வாசி விஷயம் புரிந்துவிடும்.

நான் மாணவனாக இருந்தபோது ஒரு டிபார்ட்மெண்ட் ஆஃபீசில் வேலை பார்த்தேன். புதிதாக மாணவர்களை வேலைக்கு எடுக்கிற படிவங்கள் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். அதில் பெயர், வேலையின் தலைப்பு, லெவல், மணிக்கூலி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆரம்பிக்கிற தேதி, முடிகிற தேதி, கடைசியில் ஒரு நீளமான அக்கவுண்ட் நம்பர். கையெழுத்துப் போட வருகிறவர்கள் மணிக்கூலியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த லெவலையும் அக்கவுண்ட் நம்பரையும் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

முதலில் அடிமட்டம் எது என்று பார்த்துவிடலாம். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையில் வந்தது, இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. டெக்சாஸ் மாதிரி மாநிலங்களில் சட்டப்படி இதுதான் தரை. கலிஃபோர்னியாவில் 2025-இல் மாநிலத்தின் குறைந்தபட்சமே 16.50 டாலர். வாரம் 20 மணி நேரம் வேலை என்றால் ஒரு பக்கம் 145 டாலர், இன்னொரு பக்கம் 330 டாலர். அதே மேசை, அதே ஸ்கேனர், அதே ‘ஹாய், ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ’. யுனிவர்சிட்டி தேர்ந்தெடுக்கும்போது ரேங்கிங் பார்க்கிறோம், இதைப் பார்ப்பதில்லை. வாடகையும் அதற்கேற்ப ஏறும்தான், அது வேறு கதை.

இதற்குள்ளேயும் ஓட்டைகள் உண்டு. முழுநேர மாணவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியில் 85 சதவீதம் கொடுத்தால் போதும் என்று மத்திய சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அதற்குத் தொழிலாளர் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும், கல்லூரிகளும் அதற்கு விண்ணப்பிக்கலாம். அப்புறம் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் உதாரணத்தைப் பாருங்கள். 2015-இல் தானாகவே முன்வந்து 2017-க்குள் மணிக்கு 15 டாலர் தருவோம் என்று அறிவித்தார்கள், கைதட்டல் எல்லாம் கிடைத்தது. ஆனால் அது வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேர வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு. மாணவர்கள் பெரும்பாலும் 10, 12 மணி நேரம் பார்க்கிறவர்கள். அந்த நிபந்தனை யாரை வெளியே நிறுத்துகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தரை போட்டாயிற்று. அதற்கு மேல் கட்டுவதுதான் லெவல். பெரும்பாலான யுனிவர்சிட்டிகளில் மாணவர் வேலைக்கு என்று ஒரு பட்டியல் இருக்கும், லெவல் ஒன்று, இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு, ஐந்து வரைக்கும். லைப்ரரியில் புத்தகம் அடுக்குவது, ஜிம் வாசலில் ஐ.டி. கார்டு பார்ப்பது எல்லாம் முதல் கட்டம். கம்ப்யூட்டர் ஹெல்ப் டெஸ்க், டியூட்டரிங் மாதிரி கொஞ்சம் பயிற்சி தேவைப்படுகிற வேலை அடுத்தது. மற்ற மாணவர்களை மேற்பார்வை பார்ப்பது, வெப்சைட் கட்டுவது, லேபில் தனியாக இயந்திரம் இயக்குவது அதற்கு மேல். உங்களை வேலைக்கு எடுக்கிறவர் ஒரு வேலை விவரணம் எழுதி அனுப்புவார், மாணவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒருவர் அதைப் படித்துவிட்டு எந்தக் கட்டம் என்று குறிப்பார். கவனியுங்கள், அவர் உங்களைப் பார்ப்பதில்லை, அந்தத் தாளைத்தான் பார்க்கிறார். நீங்கள் வந்து டேட்டாபேஸையே புதிதாக எழுதிக் கொடுத்தாலும், தாளில் ‘தொலைபேசி எடுப்பது, கோப்பு அடுக்குவது’ என்று இருந்தால் சம்பளம் தொலைபேசிக்குத்தான்.

இந்த முறையை நான் முழுசாகத் திட்ட மாட்டேன். லெவல் இல்லாத இடத்தில் மேனேஜருக்குப் பிடித்தவருக்கு ஒரு கூலி, மற்றவருக்கு ஒரு கூலி என்று ஆகிவிடும், அதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு இடத்தில் இது அநியாயமாக உடைகிறது, அதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். உதாரணத்துக்கு மட்டும் சில எண்கள் சொல்கிறேன். ஒரு மாநிலத்தில் தரை 10 டாலர். லெவல் ஒன்று 10, லெவல் இரண்டு 11, லெவல் மூன்று 12.50. மாநில அரசு தரையை 12 ஆக்குகிறது. இப்போது லெவல் ஒன்றும் 12, லெவல் இரண்டும் 12, லெவல் மூன்று அதே 12.50. ஏனென்றால் சட்டம் தரையை மட்டும்தான் உயர்த்தச் சொல்கிறது, மேலே இருக்கிறவர்களை உயர்த்த யாரும் டிபார்ட்மெண்டுக்குத் தனியாகப் பணம் தருவதில்லை. ஷிஃப்ட் போடுகிற, புதுசாக வந்தவருக்குப் பயிற்சி கொடுக்கிற, யாராவது வரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஓடி வருகிற அந்த சீனியர் மாணவி, இன்றைக்குக் காலையில் சேர்ந்தவரைவிட ஐம்பது சென்ட் அதிகம் வாங்குகிறார். அவர் ஏன் அந்தப் பொறுப்பை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? விட்டுவிடுவார். விட்டுத்தான் போகிறார்கள். இன்னொரு பக்கம், மொத்தக் கூலி பட்ஜெட் ஏறாமல் மணிக்கூலி மட்டும் ஏறினால் டிபார்ட்மெண்ட் மணி நேரத்தைக் குறைக்கும். 15 மணி நேரம் 12 ஆகும். கூலி ஏறியது என்று சந்தோஷப்பட்டவர் மாதக் கடைசியில் பார்த்தால் கிட்டத்தட்ட அதே பணம்.

இப்போது அந்த அக்கவுண்ட் நம்பருக்கு வருகிறேன், நம் ஆட்களுக்கு அதிகம் தெரியாத பகுதி இதுதான். ஃபெடரல் வொர்க்-ஸ்டடி என்று ஒரு திட்டம், 1964-இலிருந்து இருக்கிறது. பொருளாதார உதவி தேவைப்படுகிற மாணவருக்கு வேலை கொடுத்தால், அந்தக் கூலியில் பொதுவாக 75 சதவீதம் வரை மத்திய அரசு தருகிறது. மணிக்கு 12 டாலர் என்று வைத்துக்கொண்டால் யுனிவர்சிட்டி பக்கத்திலிருந்து போவது 3 டாலர்தான். அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு மாதிரி சில தகுதி உள்ளவர்களுக்கும் மட்டும்தான் இது, எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது. ஆக ஒரே வேலைக்கு இரண்டு பேர் விண்ணப்பித்தால், ஒருவருக்கு 3 டாலர் செலவு, உங்களுக்கு முழு 12 டாலர் செலவு. ஐம்பது மெயில் அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை என்று புலம்புகிறவர்களே, உங்கள் ரெஸ்யூமேயில் தப்பே இல்லாமல் இருக்கலாம். விளம்பரத்தில் ‘வொர்க்-ஸ்டடி தகுதி வேண்டும்’ என்று இருந்தால் அடுத்ததைப் பாருங்கள், நேரத்தை வீணாக்காதீர்கள். டைனிங், பார்க்கிங், ஜிம் மாதிரி சொந்தமாகக் காசு சம்பாதிக்கிற பிரிவுகள் தங்கள் வருமானத்திலிருந்தே கூலி தருகின்றன, அதனால் நம் ஆட்கள் அங்கே அதிகம். எல்லோரும் டைனிங் ஹாலில் பாத்திரம் கழுவிக்கொண்டு ஒருவரை ஒருவர் தமிழில் கலாய்ப்பதற்கு ஒரு காரணம் இந்தக் கணக்குதான்.

யுனிவர்சிட்டிக்கு மாணவர்களை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு இன்னொரு சின்னக் காரணமும் சொல்லிவிடுகிறேன். சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரி இரண்டும் சேர்ந்து 7.65 சதவீதம், தொழிலாளியும் கட்ட வேண்டும், முதலாளியும் அதே அளவு கட்ட வேண்டும். படிக்கிற இடத்திலேயே வேலை பார்க்கிற மாணவருக்குப் பொதுவாக இது இரண்டு பக்கமும் கிடையாது. வருமான வரி தனி, அது பிடிப்பார்கள்.

அடுத்து டி.ஏ. (பாடம் நடத்த உதவுகிற மாணவர்), ஆர்.ஏ. (ஆராய்ச்சியில் உதவுகிற மாணவர்). இங்கே மணிக்கூலி மறைந்து ஸ்டைபண்ட், அதாவது மொத்தமாக ஒரு உதவித்தொகை, வந்துவிடும். ‘50 சதவீத அப்பாயின்ட்மெண்ட்’ என்றால் வாரம் 20 மணி நேரம் என்று அர்த்தம், பல இடங்களில் ஒன்பது மாதத்துக்கு மட்டும். கிராஜுவேட் ஸ்கூல் குறைந்தபட்சம் ஒன்று வைக்கும், அதற்கு மேல் டிபார்ட்மெண்ட் இஷ்டம், புரொபசரின் கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) இஷ்டம். அதனால்தான் ஒரே கட்டடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆர்.ஏ. வாங்குவதும் வரலாறு டி.ஏ. வாங்குவதும் ஏணி வைத்தாலும் எட்டாது. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தருகிற கிராஜுவேட் ஃபெலோஷிப் 2023-இலிருந்து வருடத்துக்கு 37,000 டாலர். அதுவும் நமக்குக் கிடையாதுதான், ஆனாலும் அது ஏறினால் பக்கத்து லேபில் இருக்கிற ஸ்டைபண்டுக்கும் ஒரு நெருக்கடி வரும்.

எம்.எஸ். மாணவர்கள் இங்கே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். அசிஸ்டன்ட்ஷிப் (மேலே சொன்ன டி.ஏ., ஆர்.ஏ. வேலை) வேறு, மணிக்கூலிக்கு விடைத்தாள் திருத்துகிற ‘ஹவர்லி’ கிரேடர் வேறு. அசிஸ்டன்ட்ஷிப்போடு பெரும்பாலும் டியூஷன் வெய்வர் (கல்விக் கட்டணத் தள்ளுபடி) வரும், கிரேடர் வேலைக்குப் பெரும்பாலும் வராது. பல இடங்களில் அந்த வெய்வரின் மதிப்புதான் பெரிது, ஸ்டைபண்ட் அதற்குப் பக்கத்தில் நிற்காது. டியூஷன் வெய்வர் என்று சொன்னாலும் மற்ற ஃபீஸ்களைத் தனியாகக் கட்டச் சொல்லலாம், ஆஃபர் லெட்டரில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். தவிர, லேபில் ஆராய்ச்சி செய்கிற ஆர்.ஏ.வைத் தொழிலாளர் துறை பொதுவாகப் படிப்பின் பகுதியாகத்தான் பார்க்கிறது, டி.ஏ.வை ஆசிரியர் கணக்கில் சேர்த்துவிடுகிறது, அதனால் குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் விதிகள் இவர்களுக்குப் பொருந்துவதில்லை. தாளில் 20 மணி நேரம், நடப்பில் 45 மணி நேரம் என்பது இந்த இடைவெளியில்தான் வாழ்கிறது.

இதெல்லாம் மாறவே மாறாதா என்றால், மாறியிருக்கிறது, கேட்டதால். 2016-இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், தனியார் பல்கலைக்கழகங்களில் வேலை பார்க்கிற மாணவர்களும் தொழிற்சங்கம் வைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 2022 கடைசியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள், டி.ஏ.க்களின் குறைந்தபட்சம் ஒன்பது மாதத்துக்கு 23,000 டாலர் சொச்சத்திலிருந்து, 2024 அக்டோபருக்குள் 34,000 அளவுக்குப் போகும் என்று ஒப்பந்தம் ஆனது. டார்ட்மவுத் கல்லூரியில் டைனிங் ஹால் மாணவர்கள் சங்கம் வைத்து 2023-இல் மணிக்கு 21 டாலர் வாங்கினார்கள். பட்டியலைத் திருத்தவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த அலுவலகங்கள்தான் இவையும்.

சங்கம் இல்லாத இடத்தில் இருக்கிறீர்களா, அப்படியானால் தனியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பெரும்பாலான யுனிவர்சிட்டிகளுக்கு நிதியாண்டு ஜூலை 1-ஆம் தேதி ஆரம்பிக்கும், அடுத்த வருடக் கூலிக் கணக்கை வசந்த செமஸ்டரிலேயே போட ஆரம்பித்துவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் சூப்பர்வைசரிடம் போய் ‘எனக்குச் சம்பளம் ஏற்றுங்கள்’ என்று கேட்காதீர்கள், அவரிடம் அதற்கு அதிகாரம் இருக்காது. ‘என் வேலை விவரணத்தைத் திருப்பி எழுதி, லெவல் மாற்றத்துக்கு அனுப்ப முடியுமா’ என்று கேளுங்கள். நீங்கள் இப்போது உண்மையில் செய்கிற வேலையை நீங்களே அரைப் பக்கம் எழுதி அவர் கையில் கொடுங்கள், யாருக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள், எந்த ரகசியத் தகவலைக் கையாள்கிறீர்கள், யாரும் இல்லாதபோது என்ன முடிவு எடுக்கிறீர்கள் என்று. அந்த அலுவலகத்தில் படிக்கிறவர் தேடுகிற வார்த்தைகள் இவைதான். எங்கள் ஆஃபீசில் அப்படி எழுதிக் கொண்டுவந்தவர்களுடைய படிவம் என் மேசைக்குத் திரும்பி வரும்போது, பல தடவை லெவல் என்கிற இடத்தில் எண் மாறியிருக்கும்.